டிஸ்க் பாதி காலி, சர்வர் மட்டும் இடமில்லை என்கிறது

மெயில் சர்வரில் அடிக்கடி மாட்டுவது இதுதான். மடல்களைச் சேமிக்கும் மெயில்டிர் முறையில் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. 100 ஜிபி பார்ட்டிஷனை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டமாக (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) ஃபார்மட் செய்தால், வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு, கோப்புக்கு ஒன்று வேண்டும்); மொத்தம் சுமார் 65 லட்சம். 5 கேபி மடல்கூட 4 கேபி பிளாக் (டிஸ்கில் இடம் ஒதுக்கும் துண்டு) இரண்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 50 ஜிபி நிரம்பும்போதே ஐநோடு தீர்ந்துவிடும். ‘டிஎஃப் -ஹெச்’ பாதி காலி என்று காட்டும். ‘டிஎஃப் -ஐ’ போட்டால்தான் 100% தெரியும். ஃபார்மட் செய்யும்போதே ‘-ஐ 4096’ கொடுத்தால் 2.6 கோடி கிடைக்கும், ஆனால் ஐநோடு டேபிளே 6 ஜிபிக்கு மேல் தின்னும். பின்னால் கூட்ட வேண்டுமென்றால் பார்ட்டிஷனைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை.

—

அதற்கு எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல்சிஸ்டத்தைப் போட்டுவிடலாமே. ஐநோடைத் தேவைக்கேற்பத் தானே ஒதுக்கிக்கொள்ளும். ஆனால் ஒன்று, எக்ஸ்எஃப்எஸ்-ஐப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எல்விஎம்-இல் (டிஸ்க் இடத்தைப் பங்கு போட்டு, பின்னால் கூட்டிக் குறைக்க உதவும் அடுக்கு) உள்ள இடம் முழுவதையும் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள். ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்’ ஓடுகிற சர்வரிலேயே ஃபைல்சிஸ்டத்தையும் சேர்த்து நீட்டிவிடும்.

—

சுருக்கும் வசதிக்காக எக்ஸ்ட்4 எடுப்பவர்கள் வரிசையை மாற்றக் கூடாது: அன்மவுண்ட், ‘ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்’, ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, கடைசியில்தான் ‘எல்விரெட்யூஸ்’. எல்வியை (எல்விஎம் கொடுத்த பங்கு) முதலில் வெட்டினால் வால்பகுதியில் இருக்கும் டேட்டா போச்சு. அப்புறம் ரூட்டுக்கென்று (நிர்வாகி கணக்கு) 5% ஒதுக்கீடு இருக்கிறதே, 4 டிபி டேட்டா டிஸ்கில் அது 200 ஜிபி. அதை 1% ஆக்க ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ போதும்.

—

ஸ்னாப்ஷாட்டுக்காக (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது) டேட்டாபேஸைப் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் வைத்தால், மாறும் ஒவ்வொரு பிளாக்கும் புது இடத்தில் எழுதப்பட்டுக் கோப்பு துண்டு துண்டாகச் சிதறும். இதைத் தடுக்கக் காலி டைரக்டரிக்கு ‘சாட்டர் +சி’ (பெரிய எழுத்து C) கொடுத்துவிட்டுக் கோப்புகளை அதற்குள் நகலெடுக்க வேண்டும். நகலெடுக்காமல் ‘எம்வி’ போட்டு நகர்த்தினால் பழைய குணமே ஒட்டிக்கொண்டு வரும். இப்படிச் செய்தால் செக்சம்மும் (டேட்டா கெட்டுவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) கிடையாது. பிறகு பிடிஆர்எஃப்எஸ் எதற்கு? பிடிஆர்எஃப்எஸ்-இன் ரெய்டு (பல டிஸ்கைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) 5, 6 பக்கம் போகவே வேண்டாம். ரெய்டு 1 சரி.

—

ஸ்னாப்ஷாட்டோடு டேட்டாபேஸ் வைக்கும் வேலைக்கு இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம். பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) கட்டும்போதே ‘ஏஷிஃப்ட்=12’ (4 கேபி செக்டர்) கொடுங்கள், பிறகு மாற்ற முடியாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் ஒரு பக்கம் 16 கேபி; எனவே டேட்டாவை ஏற்றும் முன்பே ‘ரெக்கார்ட்சைஸ்=16கே’. முன்னிருப்பான 128 கேபியில் விட்டால், ஒரு பக்கம் மாறியதற்கு 128 கேபியும் திரும்ப எழுதப்படும். கர்னல் (லினக்ஸின் மையம்) அப்டேட்டுக்குப் பின் ரீபூட் செய்யும் முன் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். புதுக் கர்னலுக்கு இசட்எஃப்எஸ் மாட்யூல் (கர்னலோடு இணையும் துணை நிரல்) கட்டப்படாமல் இருந்தால் பூல் மவுண்ட் ஆகாது.