ஒன்பதாவது தெரிவு

26.06.2025, வியாழன்

மருமகன், காலை 7:04
மாமி, நேற்று என்பிஏ டிராஃப்ட் பார்த்தீர்களா, கூடைப்பந்து டீம்கள் புதுப் பிள்ளைகளை வரிசையாகத் தெரிவு செய்ததை? நம்முடைய டொரோண்டோ ராப்டர்ஸ் ஒன்பதாவது தெரிவை வீணாக்கிவிட்டது. டியூக் கொலிஜின் மலுவாச் இன்னும் போகாமல் இருந்தான். 7 அடி 2 அங்குலம்! அவனை விட்டுவிட்டு த்ரீ, அதாவது தூரத்திலிருந்து மூன்று புள்ளி, போட வராத ஒருவனை எடுத்திருக்கிறார்கள். மலுவாச் அடுத்த இடத்திலேயே போய்விட்டான்.

நான், காலை 7:09
பார்த்தேன். எனக்கு நல்ல சந்தோஷம். நாம் எடுத்த கொலின் மரி-பாயில்ஸ் சவுத் கரோலைனா கொலிஜில் விளையாடியதைப் பார்த்திருக்கிறேன். தோற்றுக்கொண்டே இருந்த டீமில் ஒரு ஆட்டத்துக்கு 8 ரீபவுண்டுக்கு (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்து) மேல் எடுத்தவன். வேகமான கார்ட் வந்தாலும் தடுப்பான், உயரமான சென்டர் வந்தாலும் தடுப்பான். எனக்கு அது போதும்.

அக்கா, காலை 7:15
அந்தப் பிள்ளை பெயரைக் கூப்பிட்டதும் ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொண்டான்? ஏதோ முணுமுணுத்தானே. டொரோண்டோ பிடிக்கவில்லையா?

நான், காலை 7:16
அதிர்ச்சியில் அப்படி வந்துவிட்டது அக்கா. 20 வயதுப் பிள்ளை. அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட வேண்டாம்.

மருமகன், காலை 7:21
பிரச்சினை முகம் இல்லை மாமி. நம்முடைய ஸ்காட்டி பார்ன்ஸுக்கும் வெளியிலிருந்து போடுவது கஷ்டம். இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தினால் எதிரணி உள்ளே கூடி நின்றுவிடும். 30 வென்று 52 தோற்ற டீமுக்கு இதுவா தேவை?

நான், காலை 7:30
போடப் பழக்கலாம். முன்பு ராப்டர்ஸில் இருந்த சியாக்கத்தை நினைத்துப் பார். 2016-இல் 27ஆவது தெரிவாக வந்தபோது அவனுக்கும் வெளியிலிருந்து போட வராது. ஓடுவான், தடுப்பான், அவ்வளவுதான். மூன்றாவது வருஷம் கிண்ணம் இங்கே வந்தது. இந்த வருஷம் இந்தியானாவை ஃபைனல்ஸுக்குக் கொண்டுபோய், கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் எம்விபியும் (சிறந்த ஆட்டக்காரன்) அவன்தான்.

மலுவாச் கதைக்கு வருகிறேன். ஏப்ரலில் கொலிஜ் அரையிறுதியில் டியூக் ஹூஸ்டனிடம் தோற்றதே, அந்த ஆட்டத்தில் அவன் 20 நிமிடத்துக்கு மேல் நின்றும் ஒரு ரீபவுண்ட்கூட எடுக்கவில்லை.

மருமகன், காலை 7:33
அது ஒரே ஒரு ஆட்டம் மாமி. அவனுக்கு 18 வயதுதானே!

நான், காலை 7:44
நான் சொல்ல வருவதும் அதுதான். எதிரில் நின்ற ஜுவான் ராபர்ட்ஸ் ஆறாவது வருஷமாக ஹூஸ்டனில் இருப்பவன். டியூக் 14 புள்ளி முன்னால் நின்றது. ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் டியூக்குக்கு ஒரே ஒரு பாஸ்கட்தான் விழுந்தது. கடைசி அரை நிமிடத்தில் ஹூஸ்டன் வரிசையாக 9 புள்ளி எடுத்தது. முன்னுக்குக் கொண்டுவந்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் ராபர்ட்ஸ் போட்டவை. அடுத்து டியூக்கின் ஃபிளாக் எழும்பிப் போட்டபோது முகத்துக்கு நேரே கை வைத்து நின்றவனும் அவன்தான். பந்து குறைவாகப் போய் வளையத்தில் பட்டது. 70-67.

டியூக்கில் திறமைக்கா பஞ்சம்? ஆனால் ஆட்டம் இறுகும்போது கால் எங்கே நிற்க வேண்டும், எப்போது பாயக் கூடாது என்பதெல்லாம் நின்று பழகினால்தான் வரும். மூன்று நான்கு வருஷம் கொலிஜில் அடிபட்டவனை எடு என்று எத்தனை தடவை இந்தக் குழுவில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, காலை 8:02
தங்கச்சி, நம்முடைய கனடாப் பிள்ளை ஷேய் கென்டக்கி கொலிஜில் ஒரே ஒரு வருஷம்தான். எம்விபி, ஃபைனல்ஸ் எம்விபி, கிண்ணம், மூன்றும் இப்போது அவன் கையில். இதற்கு என்ன சொல்கிறாய்?

நான், காலை 8:11
ஹமில்டன் பிள்ளையை நான் குறை சொல்வேனா அண்ணா! ஆனால் அவன் வந்த வழியைப் பாருங்கள். 11ஆவது தெரிவு. முதல் வருஷம் கிளிப்பர்ஸ் டீம், அப்புறம் ஒக்லஹோமா. அங்கே ஒரு சீசன் 22 வெற்றி, அடுத்த சீசன் 24. அந்த நாட்களில்தான் அவன் பழகினான். அவசரப்படாமல் காத்திருந்த நிர்வாகத்துக்கு இந்த வருஷம் 68 வெற்றி கிடைத்தது.

அவனைச் சுற்றி நிற்பவர்கள் யார்? லூ டோர்ட், மொன்ட்ரியால் பையன், டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. கரூசோ டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் நான்கு வருஷம், அவனையும் எடுக்கவில்லை. ஜேலன் வில்லியம்ஸ் சான்டா கிளாராவில் மூன்று வருஷம். ஃபைனல்ஸில் எதிரணியான இந்தியானாவின் நெம்பார்டையும் மறக்காதீர்கள். நம்முடைய அரோரா பிள்ளை, ஃபுளோரிடாவில் இரண்டு வருஷம், கொன்சாகாவில் இரண்டு வருஷம். ஷேயை அந்தத் தொடரில் அவன் எப்படித் தடுத்தான் என்று பார்த்தீர்கள்தானே.

அண்ணா, காலை 8:15
பார்த்தேன். இந்தியானாவின் ஹாலிபர்ட்டனை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை. ஏழாவது ஆட்டம், மூன்று த்ரீ போட்டுவிட்டு விழுந்து தரையில் கையால் அடித்தானே. லில்லார்ட், டேட்டம், இவன், மூன்று பேருக்கும் அதே குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. 82 ஆட்டம் வைப்பதைக் குறைக்க வேண்டும்.

நான், காலை 8:17
குறைக்கத்தான் வேண்டும். 70 போதும் என்பது என் கருத்து.

அக்கா மகள், மதியம் 12:20
சித்தி, இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். நான்கு வருஷம் நிற்க வேண்டும் என்கிறீர்கள், ஆனால் ஒரே இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்? டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் வருஷா வருஷம் டீம் மாறுகிறார்கள். ஜூலை 1 முதல் கொலிஜே ஆட்டக்காரருக்கு நேரடியாகக் காசு கொடுக்கப் போகிறது, ஒரு கொலிஜுக்கு 20.5 மில்லியன் டொலர் வரை. எங்கள் டீம் என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும்?

நான், மதியம் 12:41
உன் கவலை எனக்குப் புரிகிறது மகள். சின்னக் கொலிஜில் வளர்ந்தவனைப் பெரிய கொலிஜ் தூக்கிக்கொண்டு போவது எனக்கும் பிடிக்காது. ஆனால் காசு விஷயத்தில் நான் பிள்ளைகள் பக்கம். அரங்கு நிறைய ஆள், தொலைக்காட்சிக்குக் கோடிக்கணக்கில் ஒப்பந்தம், கோச்சுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம். ஓடி விழுந்தவனுக்கு மட்டும் ஒன்றுமில்லாமல் இருந்தது பெரிய அநியாயம்.

இன்னொன்று. காசு அங்கேயே கிடைத்தால் அரைகுறையாகப் பழகிய பிள்ளை 19 வயதில் அவசரப்பட்டு வெளியேற மாட்டான். கொலிஜ் ஃபைனலில் ஃபுளோரிடாவை வெல்ல வைத்த வால்டர் கிளேட்டனைப் பார். ஐயோனாவில் இரண்டு வருஷம், அப்புறம் போர்ட்டல் வழியாகச் சொந்த மாநிலத்துக்கே வந்து இரண்டு வருஷம். நேற்று 18ஆவது தெரிவு.

அக்கா மகள், மதியம் 12:44
பெண்கள் பக்கம் எப்போதும் நான்கு வருஷம்தானே சித்தி. டிராஃப்டுக்கு வர அமெரிக்கப் பிள்ளை என்றால் 22 வயதாக வேண்டும், இல்லையென்றால் படிப்பை முடிக்க வேண்டும்.

நான், மதியம் 12:50
ஆமாம்! அதனால்தான் கேட்லின் கிளார்க்கை அயோவாவில் நான்கு வருஷமும் பார்க்கக் கிடைத்தது. 2024 பெண்கள் கொலிஜ் இறுதி ஆட்டத்தை 18 மில்லியனுக்கும் மேல் பார்த்தார்கள், ஆண்கள் ஆட்டம் 15 மில்லியனைத் தொடவில்லை. முதலாம் வருஷத்திலிருந்து ஒரு பிள்ளை வளர்வதைப் பார்த்தவர்கள் அவளை விட்டுவிடுவார்களா?

அக்கா மகள், மதியம் 12:52
அடுத்த வருஷம் டொரோண்டோ டெம்போ என்ற பெண்கள் டீம் வருகிறது. டிக்கெட் எடுத்தால் எனக்கும் சேர்த்து எடுங்கள்.

மருமகன், மாலை 5:37
மாமி, ஃபுளோரிடா ஹூஸ்டன் ஃபைனல் அன்று எனக்கு நைட் ஷிஃப்ட். கடைசியில் என்ன நடந்தது? வீடியோவில் ஹூஸ்டனின் ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நான், மாலை 5:58
சொல்கிறேன். ஹூஸ்டன் இரண்டாவது பாதியில் 12 புள்ளி முன்னால் இருந்தது. கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, அவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள். கடைசி நிமிடத்தில் அலைஜா மார்ட்டின் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டதும் ஃபுளோரிடா முன்னுக்கு வந்தது. பிறகு 65-63. 19 விநாடி, பந்து ஹூஸ்டன் கையில்.

ஷார்ப் வளைவுக்கு வெளியே பந்தை வாங்கி எழும்பிவிட்டான். கிளேட்டன் தூரத்திலிருந்து ஓடிவந்து அவன் முன்னால் பாய்கிறான். போட்டால் தடுபடும் என்று ஷார்ப்புக்குக் காற்றிலேயே தெரிந்துவிட்டது. பந்தைக் கீழே விட்டான். விட்ட பந்தை அவனே முதலில் தொட்டால் டிராவல் என்ற விதிமீறல். அதனால்தான் கையை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறான், பந்து அவன் காலடியில் துள்ளுகிறது. ஃபுளோரிடாவின் காண்டன் பாய்ந்து விழுந்து அதை அணைத்துக்கொண்டான். நேரம் முடிந்தது. கடைசி முறையில் ஹூஸ்டன் வளையத்தை நோக்கி ஒரு பந்துகூடப் போடவில்லை!

முந்தின ஆட்டத்தில் 34 புள்ளி எடுத்த கிளேட்டன், கிண்ணத்தை ஒரு தடுப்பில் எடுத்தான். ஷார்ப்பைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. குந்தி உட்கார்ந்தவனை எழுப்பக்கூட முடியவில்லை.

அண்ணா, மாலை 6:10
ஹூஸ்டன் கோச் சாம்ப்சனுக்கும் அந்தக் கிண்ணம் கிடைத்திருக்கலாம். 69 வயது மனுஷன்.

நான், மாலை 6:12
கிடைக்க வேண்டும் அண்ணா. அந்த டீம் விளையாடுவதுபோல இந்த நாட்டில் யாரும் தடுத்து விளையாடுவதில்லை.

மருமகன், இரவு 9:46
மாமி!!! இரண்டாவது சுற்று பார்க்கிறீர்களா? 39ஆவது தெரிவு, ராப்டர்ஸ். நீங்கள் சொன்ன அதே அலைஜா மார்ட்டின்.

நான், இரவு 9:48
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்து வருஷம் கொலிஜ்! 2023-இல் ஃபுளோரிடா அட்லாண்டிக் கொலிஜோடு ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு டீம்), இந்த வருஷம் ஃபுளோரிடாவோடு கிண்ணம். இவனும் மரி-பாயில்ஸும் சேர்ந்து நின்றால் எவன் சுலபமாக உள்ளே வருவான்?

மருமகன், இரவு 9:51
மலுவாச் விஷயத்தில் நான் இன்னும் விடவில்லை. ஆனால் இவனை எனக்கும் பிடித்திருக்கிறது.

அண்ணா, இரவு 9:53
ஜூலையில் புதுப் பிள்ளைகள் விளையாடும் லாஸ் வேகஸ் சம்மர் லீக். எங்கள் வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, எல்லோரும் வாருங்கள்.

அக்கா, இரவு 9:55
நான் ரோல்ஸ் செய்துகொண்டு வருகிறேன். எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள்.