வாடகை அக்ரிமென்ட்டை எளிய மொழியில் எழுதினால் செல்லுமா?

கேள்வி (அல்சூர் வாடகைதாரர்):
பெங்களூரில் 11 மாத அக்ரிமென்ட். ‘ஹியரின்ஆஃப்டர்’, ‘இன்டெம்னிஃபை’ என்று ஒன்றும் புரியவில்லை. ஓனரிடம் பேசி எளிய வார்த்தைகளில் மாற்றினால் சட்டப்படி நிற்குமா?

பதில் 1:
நிற்கும் சார். 1872 ஒப்பந்தச் சட்டம் வக்கீல் நடையைக் கேட்பதில்லை. அர்த்தம் நிச்சயமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால்தான் 29ஆம் பிரிவின்படி செல்லாது. ‘ஹியரின்ஆஃப்டர்’ (‘இதற்குப் பிறகு’ என்றுதான் அர்த்தம்) வகையறாவைத் தயங்காமல் வெட்டுங்கள். ‘இன்டெம்னிஃபை’யைச் சும்மா தூக்கிவிடாதீர்கள், அதற்கு 124ஆம் பிரிவில் தனி அர்த்தம் உண்டு. ‘என்னால் ஓனருக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடுகட்டுவேன்’ என்று எழுதலாம்.

பதில் 2:
தகராறு வருவது அட்வான்ஸில்தான். ‘நியாயமான தேய்மானம் நீங்கலாக’ என்ற வரியை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். இப்படி எழுதுங்கள்:

“சாவி கொடுத்த 15 நாளுக்குள் அட்வான்ஸ் திரும்பும். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை மட்டும் பிடிக்கப்படும். ஆணி ஓட்டையும் சுவர் மங்கலும் இதில் அடக்கம். உடைந்த பொருளுக்கு பில் காட்டித் தனியாகப் பிடிக்கலாம்.”

பதில் 3:
நோட்டீஸ் ‘ஒரு மாதம்’ என்றால் எந்தத் தேதியிலிருந்து? வாட்ஸ்அப்பில் சொன்னால் போதுமா? இரண்டையும் எழுதிவிடுங்கள். ‘ஓனர்’ என்று தொடங்கினால் கடைசிவரை ‘ஓனர்’தான், நடுவில் ‘உரிமையாளர்’ என்று மாறினால் அது வேறொருவரோ என்று வாதாட இடம் கிடைக்கும்.