அவசரம்: கோடிங் டெஸ்ட்டுல டைம் லிமிட் வருது, சனிக்கிழமை எக்ஸாம்

தங்கச்சிமடம்_பையன்: அண்ணே, சனிக்கிழமை கம்பெனி டெஸ்ட். 90 நிமிஷம், 3 கேள்வி. பழகுறதுக்கு ஒண்ணு போட்டேன். என் லேப்டாப்புல டக்குனு ஓடுது, சப்மிட் பண்ணா 12 கேஸ்ல 7 தான் பாஸ். மீதி கேஸ்ல குடுத்த நேரத்துக்குள்ள முடியல, டைம் லிமிட்னு வருது. லாஜிக் சரிதான். என்ன செய்ய?

மண்டபம்_கேம்ப்: என்ன கேள்வி? என்ன லாங்குவேஜ்? எத்தனை எண் வரைக்கும் வரும்? கோடு எங்க?

பாம்பன்_காத்து: நெட்டு ஸ்லோவா இருக்கும் தம்பி. ராம்நாடு போயி எழுது.

மூத்த_கம்பைலர்: கோடு ஓடுறது அவங்க சர்வர்ல. உங்க ஊர் நெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பழைய இழையத் தேடிப் படிக்கிற பழக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்க இருக்கு? லூப்புக்குள்ள இன்னொரு லூப், திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி போட்டிருப்பான், பாருங்க.

தங்கச்சிமடம்_பையன்: ஒரே லூப்தாண்ணே. பைத்தான். கூட்டினா கே வர்ற மாதிரி ரெண்டு எண் லிஸ்ட்ல இருக்கா இல்லையான்னு சொல்லணும்.

கீழக்கரை_ஜாவா: பைத்தான்னாலே அப்படித்தான். ஜாவாவுல எழுதுங்க தம்பி.

மண்டபம்_கேம்ப்: லூப்புக்குள்ள என்ன எழுதிருக்க?

தங்கச்சிமடம்_பையன்: ஒரே வரிதான். கே-ல இருந்து அந்த எண்ணக் கழிச்சு, வர்றது லிஸ்ட்டோட மீதியில இருக்கான்னு ‘இன்’ போட்டுப் பாக்குறேன். 1 லட்சம் எண் வரைக்கும்னு போட்டிருக்கு, இப்பதான் பாத்தேன்.

மண்டபம்_கேம்ப்: அந்த ‘இன்’ தான் உன் ரெண்டாவது லூப். லிஸ்ட்ல போட்டா ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துக்கிட்டே போகும். மீதிய வெட்டி நகல் எடுக்குறது வேற. ஜோடியே இல்லாத கேஸ்ல 1 லட்சம் எண்ணுக்குக் கிட்டத்தட்ட 500 கோடி தடவை பாக்கணும். வீட்டுல 10 எண் குடுத்துப் பாத்திருப்ப. லிஸ்ட்டுக்குப் பதிலா செட்டுல போடு, ஹாஷ் வச்சு, அதாவது எண்ண வச்சே இடத்தக் கணக்குப் போட்டு, நேரா அந்த இடத்துக்குப் போயிரும்.

மூத்த_கம்பைலர்: நான் சொன்னேன்ல. கீழக்கரைக் காக்கா, ஜாவாவோட லிஸ்ட்டான அர்ரேலிஸ்ட்ல இருக்கான்னு ‘கன்டெய்ன்ஸ்’ போட்டுப் பாத்தாலும் இதே கதிதான்.

கீழக்கரை_ஜாவா: ஜாவாவுலயும் ஹாஷ்செட்னு செட் எதுக்கு இருக்கு? தெரிஞ்சவன் அதத்தான் போடுவான்.

மூத்த_கம்பைலர்: ரெண்டு பெரிய எண்ணக் கூட்டினா ஜாவாவோட சாதாரண முழு எண் வகை, இன்ட், 2147483647-ஐத் தாண்டி மைனஸ்ல போகுமே, அதையும் தெரிஞ்சவன்தான் பாத்துக்கணுமா? பைத்தானுக்கு அந்தத் தலைவலி இல்ல.

கீழக்கரை_ஜாவா: பெரிய எண்ணுக்கு லாங் வகை போடத் தெரியாதவன் வேலைக்கு ஏன் போறான்?

பாம்பன்_காத்து: நீங்க அடிச்சுக்கங்க. தம்பி, பல டெஸ்ட்டுல நெட்டு போனாலும் டைமர் நிக்காது. அதுக்குத்தான் சொன்னேன்.

தங்கச்சிமடம்_பையன்: செட் போட்டேன், 12ல 11! தடைக்காலம்ணே, அப்பா வீட்டுல இருக்காரு, வலை சரி பண்ணக் கூப்பிடுறாரு. வந்து பாக்குறேன்.

மண்டபம்_கேம்ப்: மிச்சம் ஒண்ணு ராங் ஆன்சரா? எல்லா எண்ணையும் முதல்லயே செட்டுல கொட்டிருப்ப. கே 10, லிஸ்ட்ல ஒரே ஒரு 5 இருந்தா அது தனக்குத்தானே ஜோடியாயிரும். ஒவ்வொரு எண்ணுக்கும் முதல்ல தேடு, அப்புறம் உள்ள போடு.

கீழக்கரை_ஜாவா: இதே தப்பு ஜாவாவுலயும் வரும், ஒத்துக்கிறேன்.

தங்கச்சிமடம்_பையன்: 12/12. நன்றிண்ணே.

பாம்பன்_காத்து: சரி, சனிக்கிழமை எங்க இருந்து எழுதப் போற? அதச் சொல்லு.