அரூப ஓவியரை எங்க தேடுறது? போனிலயா, கொழும்பிலயா?

உப்புவெளியான்:
ஏ/எல்லுக்குச் சித்திரம் எடுத்தனான். கண்டின்ஸ்கி, மொண்ட்ரியான் தாண்டி எனக்கு ஒருத்தரையும் தெரியாது. திருகோணமலையில இருந்துகொண்டு மற்ற அரூப ஓவியர்களை, அதான் ஆள், பொருள் எண்டு உருவமில்லாமல் கோடும் நிறமுமாக் கீறுற ஆக்களை, எப்பிடிப் பிடிக்கிறது? இன்ஸ்டாகிராமைத் திறந்தா ஹோட்டல் சுவருக்குக் கீறின படங்கள்தான் வருது.

டொக்யாட் ரோட்:
தேடி என்ன செய்யப் போறீங்கள் தம்பி? கோணேசர் கோயில் சிற்பம் ஆருக்கும் விளங்கும். ரஷ்ய ஓவியர் மலேவிச்சின்ர 'கறுப்புச் சதுரம்' படத்தில என்ன கிடக்கு? என்ர மகள் நேர்சரியில இதைவிட வடிவாக் கீறுவாள்.

கடல்முகம்:
கோயில் கதை எடுத்ததால சொல்றன். 1915 கண்காட்சியில மலேவிச் அந்தச் சதுரத்தை மேல் மூலையில கொழுவினவர். ரஷ்ய வீடுகளில சாமிப்படம் வைக்கிற மூலை அது. அதைத் தெரிஞ்சுகொண்டு பாருங்கோ, பிறகு திட்டுங்கோ.

உப்புவெளியான், கிட்ட இருந்து தொடங்குங்கோ. 1943இல கொழும்பில உருவான '43 குழு' எண்ட ஓவியர் குழுவில ஜோர்ஜ் கிளாசன் அரூபமாகவும் கீறினவர். பிறகு கோயம்புத்தூரில பிறந்த கே.சி.எஸ். பணிக்கர். 1960களில அவர் தொடங்கின 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில சாதகக் கட்டம் மாதிரி, எழுத்து மாதிரி நிறையக் கிடக்கும். வாசிக்கத்தான் ஏலாது.

சீனக்குடா:
'கிட்ட இருந்து' எண்ட விதியில எனக்கு உடன்பாடில்லை. ஆரோ போட்ட பட்டியலைத்தான் அதுவும் திருப்பித் தரும். சுவீடன்காரி ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906இலயே அரூபம் கீறத் தொடங்கினவ. தான் செத்து இருபது வருசத்துக்குப் படங்களைக் காட்டக் கூடாதெண்டும் சொல்லிவைச்சவ. 1944இல இறந்தா. நியூயோர்க் குகன்ஹைம் மியூசியத்தில அவவுக்குப் பெரிய கண்காட்சி 2018இலதான். பாடப்புத்தகத்தை நம்பியிருந்தா எங்க சந்திச்சிருப்பியள்?

கடல்முகம்:
அவவையும் போனிலதானே பார்த்தனீங்கள்? அங்கதான் பிழைக்குது. அவவின்ர 'பத்துப் பெரியவை' வரிசைப் படம் ஒவ்வொண்டும் மூண்டு மீற்றரைத் தாண்டின உயரம். இந்திய ஓவியர் நஸ்ரீன் மொஹமதியின்ர மெல்லிய பென்சில் கோடுகள் ஒரு மேசைக்குள்ள அடங்கும். போனில ரெண்டும் ஒரே உள்ளங்கை அளவு. ஒரு தடவையாவது கொழும்பு பார்ன்ஸ் பிளேசில சபுமல் பவுண்டேசனுக்குப் போங்கோ. 43 குழுவில இருந்த ஹாரி பீரிஸின்ர வீடு அது. படங்களை நேரில பார்க்கலாம்.

சீனக்குடா:
பஸ்ஸில போய்வரவே ஒரு நாள் முடிஞ்சிடும். எல்லாருக்கும் அது ஏலாது. மியூசியம் இணையத்தளங்களில படத்துக்குக் கீழ சென்டிமீற்றர் அளவு போட்டிருப்பாங்கள். அதைச் சுவரில டேப்பால குறிச்சுவிட்டு, படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. பிடிச்சுதெண்டா, அந்த ஆளோட கண்காட்சியில பங்கெடுத்தது ஆர் எண்டு தேடுங்கோ. இன்ஸ்டாகிராம் தள்ளிவிடுறதைவிட அது எவ்வளவோ மேல்.

டொக்யாட் ரோட்:
நஸ்ரீனைத் தேடிப் பார்த்தன். நேர்கோடுகள்! வீட்டுப் பிளான் கீறுற ட்ராஃப்ட்ஸ்மன் வேலை. ஓவியம் எண்டு நான் ஒத்துக்கொள்ள மாட்டன்.

கடல்முகம்:
ட்ராஃப்ட்ஸ்மன் பாவிக்கிற கருவிகளாலதான் அவ கீறினவ, அண்ணை. நேர்சரிப் பிள்ளை கீறுமெண்ட கதையை இப்ப விட்டிட்டீங்கள்போல?

டொக்யாட் ரோட்:
மலேவிச்சுக்கு அது இன்னும் நிக்குது.

உப்புவெளியான்:
ஹில்மாவுக்கு அளவு குறிக்கப் பார்த்தன். எங்கட விறாந்தைச் சுவர் உயரம் காணாது. பணிக்கரில இருந்து தொடங்குறன்.