நலேடி இனத்தார் பிணம் புதைத்தார்களா? ஆராய்ச்சி முடியும் முன்பே படம் எடுக்கலாமா?

கரும்பலகை:
போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், நம்மளோட மூணுல ஒரு பங்கு மூளை இருந்தவங்ககூட செத்தவங்களைப் புதைச்சாங்களாமே?" நெட்ஃபிளிக்ஸில் பார்த்திருக்கிறான். தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் 2013இல் எலும்புகள் கிடைத்த ஹோமோ நலேடி என்ற அழிந்துபோன மனித இனத்தைப் பற்றிய படம். "ஆமாம்" என்று சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டேன். நலேடிகள் பிணம் புதைத்தார்கள் என்று, அந்த எலும்புகளை ஆராயும் லீ பெர்கர் குழு 2023 ஜூனில்தான் அறிவித்தது. ஜூலையில் அதை வெளியிட்ட ஈலைஃப் ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் ஆதாரம் போதாது என்றார்கள். அதே ஜூலையில் படமும் வந்துவிட்டது. அரிசி வேகும் முன்பே இலை போட்டுவிட்டார்கள்.

குகைவௌவால்:
சார், பழைய வழி மட்டும் என்ன வாழ்ந்தது? எத்தியோப்பியாவில் ஆர்டி என்ற ஆதி மூதாதையின் எலும்புக்கூடு கிடைத்தது 1994இல். முழு விவரம் வெளிவந்தது 2009இல். நடுவே 15 வருஷம் வெளியாள் யாரும் தொட முடியவில்லை. நலேடியை இரண்டே வருஷத்தில் 2015இல் இலவசமாகப் படிக்கக் கொடுத்தார்கள். எலும்புகளின் முப்பரிமாண ஸ்கேனையும் இணையத்தில் போட்டார்கள். 1,550 துண்டுகள், குறைந்தது 15 பேருடையவை! 18 செ.மீ. அகலமே உள்ள இடுக்கு வழியாக இறங்க ஒல்லியான ஆய்வாளர்கள் வேண்டும் என்று பேஸ்புக்கில் கேட்டார்கள். வந்தவர்களில் தேர்வான ஆறு பேரும் பெண்கள். ஒரு சாணுக்கும் குறைவான இடுக்கு அது. இதைப் படமாக எடுக்காமல் வேறு எதை எடுப்பது?

மண்வெட்டி:
ஆர்டியின் எலும்பு தொட்டாலே உதிர்ந்தது தம்பி, மண்டை ஓடு நொறுங்கிக் கிடந்தது. அந்தத் தாமதத்தில் பாதிக்கு அதுதான் காரணம். 2015இல் நலேடியை அறிவித்தபோது வயதே தெரியாது. 2017இல்தான் 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுக்குள் என்று வந்தது.

புதைத்த கதைக்கு வருவோம். வீட்டுக்குக் கடக்கால் தோண்டி மூடிய இடத்தைப் பத்து வருஷம் கழித்து வெட்டிப் பாருங்கள், கலைந்த மண் தனியாகத் தெரியும். குழி என்றால் அந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். இவர்கள் தந்த மண் தரவில் அது தெளிவாக இல்லை என்பதுதான் விமர்சனம். நலேடிகள் கீறியவை என்று இவர்கள் சொல்லும் குகைச் சுவர்க் கீறல்களுக்கு வயதே கணிக்கவில்லை, இயற்கையாகவும் வந்திருக்கலாம்.

குகைவௌவால்:
அந்த விமர்சனம் உங்கள் கைக்கு எப்படி வந்தது அண்ணே? ஈலைஃப் மதிப்பீடுகளைக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிட்டதால்தான். பழைய முறையில் அது இரண்டு பேர் மின்னஞ்சலோடு போயிருக்கும். அப்புறம் குழு கட்டுரையைத் திருத்தி 2025இல் மறுபடியும் போட்டது. எல்லாம் நம் கண்ணெதிரே நடக்கிறது.

மண்வெட்டி:
உங்கள் கண்ணெதிரே, சரி. படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஈலைஃப் பக்கம் போவார்கள்? 2023 செப்டம்பரில் நலேடியின் கட்டைவிரல் எலும்பை விர்ஜின் கேலக்டிக் நிறுவனத்தின் விண்கலத்தில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பினார்களே, அது எந்த ஆராய்ச்சி?

குகைவௌவால்:
அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது சுத்த வேடிக்கை. விபத்து நடந்திருந்தால் எலும்பு போனது போனதுதான்.

கரும்பலகை:
இன்று அந்தப் பையனிடம் சொன்னேன்: எலும்பு உண்மை, வயதும் கணித்தாயிற்று, புதைத்தார்கள் என்பது மட்டும் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. "அப்போ படத்துல பொய் சொன்னாங்களா சார்?" என்றான். பொய் இல்லை, சொன்னவர் அதை நம்புகிறார் என்றேன். பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. எனக்குமே பிடிக்கவில்லை.

குகைவௌவால்:
மதிப்பீடுகளையே காட்டிவிடுங்கள் சார். பெரியவர்கள் சண்டை போடுவதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள்.

கரும்பலகை:
ஆங்கிலம் தம்பி, அதுவும் அந்த மாதிரி ஆங்கிலம். நான்தான் தமிழில் எழுத வேண்டும். நேற்று இரவு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். மண்வெட்டி ஐயா, அந்தக் கடக்கால் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாமா?

மண்வெட்டி:
தாராளமாக. கூடவே ஒரு படமும் வரைந்து தருகிறேன்.