மறு: ‘உள்ளடக்கிய கல்வி’க்கு வேறு சொல் தேவையா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கும் ‘inclusive education’-க்குத் தமிழில் எந்தச் சொல் நல்லது என்று கேட்டிருந்தேன். வந்த பதில்களுக்கு என் மறுமொழி இது.

> “தமிழ்நாட்டில் ‘உள்ளடக்கிய கல்வி’ புழக்கத்துக்கு வந்துவிட்டது. வந்ததை ஏன் கலைக்க வேண்டும்?”

சென்னை நண்பர் கேட்பது நியாயம்தான். புழங்குகிற சொல்லைக் கலைக்க எனக்கும் ஆசை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அது இன்னும் கால் ஊன்றவில்லை. ஊன்றுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசித்துக்கொள்வோம் என்றுதான் இந்த இழையைத் தொடங்கினேன்.

நான் எழுதுவது மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டிலிருந்து. சுற்றிலும் தோட்டங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் லயங்கள் பாதி காலி, சனங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிவந்துவிட்டார்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறோம். அவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சிறு கையேடு தயாராகிறது. கையேட்டில் வரும் சொல்லைப் பெற்றோர் பள்ளி அலுவலகத்து முகப்பில் நின்று வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். என்னுடைய அளவுகோல் அவ்வளவுதான்.

இந்த நாட்டுப் பள்ளிகளில் இரண்டு ஏற்பாடுகள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்று, மலாய்ச் சுருக்கப் பெயரில் பிபிகேஐ (PPKI): சாதாரணப் பள்ளி வளாகத்துக்குள் சிறப்புத் தேவை மாணவர்களுக்குத் தனி வகுப்பு. மலாய்ப் பெயரில் ‘இந்தெகிராசி’ (integration) என்று வரும். இன்னொன்று பிபிஐ (PPI): அதே பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிப்பது. இதற்கு ‘இன்குலுசிப்’ (inclusive). சிறப்புத் தேவை மாணவரில் 75 விழுக்காட்டினர் இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குள் வர வேண்டும் என்பது 2013-2025 கல்விப் பெருந்திட்டத்தின் இலக்காக இருந்தது. ஆகவே சொல் மாறினால் பிள்ளை உட்காரும் அறை மாறும்.

தமிழில் எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலாவதை ‘ஒருங்கிணைப்பு’ என்கிறோம். இரண்டாவதை ஒருவர் ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்கிறார், இன்னொருவர் ‘உள்ளடக்கிய கல்வி’ என்கிறார். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் தாயார், தம்முடைய சின்ன மகனை ‘ஒருங்கிணைந்த கல்வியில் போட்டாச்சு’ என்று சந்தோஷமாகச் சொன்னார். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். போய்ப் பார்த்தால் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்புறம், தனிக் கம்பிக்கதவு போட்ட அறை. ஓய்வு நேர மணிகூட அவர்களுக்கு வேறு. அக்கா, இது பிபிகேஐ, நீங்கள் கேட்டது பிபிஐ என்று விளக்கினேன். “ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே பேரா வெச்சிருக்கீங்க?” என்று திருப்பிக் கேட்டார். தனி வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் பொருந்தும். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும் அல்லவா?

உலக அளவிலும் இந்த வேறுபாடு பேசித் தீர்த்த ஒன்று. 1994-ல் ஸ்பெயினின் சலமாங்காவில் 92 அரசுகள் கூடி அறிக்கை வெளியிட்டபோதே, பொதுப்பள்ளி எல்லாப் பிள்ளைகளையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை வந்துவிட்டது. மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. மலேசியா 2010-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. அதற்கு விளக்கமாக 2016-ல் வந்த 4-ஆம் பொதுக் கருத்துரை நான்கு நிலைகளைப் பிரித்துச் சொல்கிறது: பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவே மறுப்பது, மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைத்துப் படிப்பிப்பது, மாறாத பள்ளிக்குள் பிள்ளையைக் கொண்டுவந்து பொருந்திக்கொள் என்பது, பிள்ளைக்கு ஏற்பப் பள்ளியே மாறுவது. நமக்கு வேண்டியது நான்கு சொற்கள் கொண்ட ஒரு தொகுதி. முதல் மூன்றுக்கு ‘விலக்கல்’, ‘தனிப்பிரிப்பு’, ‘ஒருங்கிணைப்பு’ போதும் என்று நினைக்கிறேன். நான்காவதுதான் இடிக்கிறது.

‘உள்ளடக்கிய’ என்பது பெயரெச்சம். ‘மூன்று பாகங்களை உள்ளடக்கிய நூல்’ என்றால் சரி. ‘உள்ளடக்கிய கல்வி’ என்று மொட்டையாக நின்றால் எதை உள்ளடக்கியது என்ற கேள்வி தொங்குகிறது. பெயர்ச்சொல்லாக்கினால் ‘உள்ளடக்கம்’, அது வேறு பொருளுக்கு ஏற்கெனவே போய்விட்டது. பிபிஐ-யில் முழுமையாகச் சேர்ந்து படிப்பது, சில பாடங்களுக்கு மட்டும் சேர்ந்து படிப்பது என்று இரண்டு வகை உண்டு. ‘பகுதி உள்ளடக்கிய கல்வி’ என்று எழுதிப் பாருங்கள், வாய்க்குள் நுழையாது. இவ்வளவும் இலக்கணம். ‘அடக்கு’ என்ற ஒலி காதில் விழுவது தனி.

> “எங்களிடம் ‘உட்படுத்தல் கல்வி’ உண்டு. பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது.”

யாழ்ப்பாண நண்பர் சொன்ன இந்தச் சொல் இலக்கணத்தில் கச்சிதம். முழு உட்படுத்தல், பகுதி உட்படுத்தல் என்று நீட்டவும் வளைகிறது. ஆனால் எங்கள் காதில் விசாரணைக்கு உட்படுத்தினார்கள், அறுவைச் சிகிச்சைக்கு உட்படுத்தினார்கள் என்றே விழுகிறது. யாரோ பிள்ளையைப் பிடித்து எதற்கோ ஆளாக்குகிற மாதிரி. ‘அரவணைப்புக் கல்வி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் இரக்கம் தூக்கல். இரக்கம் இருந்தால் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் விடுவார்கள் என்று ஆகிவிடும். உரிமைப் பேச்சுக்கு அது உதவாது.

என் பரிந்துரை: உடன்பயில் கல்வி.

முழு உடன்பயிலல், பகுதி உடன்பயிலல், உடன்பயில் வகுப்பு, உடன்பயில் மாணவர் என்று எல்லாப் பக்கமும் நீள்கிறது. ‘என்னோடு உடன் பயின்றவர்’ என்று நாம் எப்போதும் சொல்வதுதான், புதிதாகப் பழக வேண்டியதில்லை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் வரையறையும் இங்கேதான் தொடங்குகிறது: குறைபாடு உள்ள மாணவரும் இல்லாத மாணவரும் ஒன்றாகக் கற்பது, கற்பித்தல் முறை அதற்கேற்ப மாற்றியமைக்கப்படுவது. இரண்டாம் பாதி என் சொல்லில் இல்லை என்று ஈப்போ ஆசிரியை ஒருவர் தனிமடலில் குறிப்பிட்டார். உண்மைதான். வரையறை முழுவதையும் ஒரு சொல்லுக்குள் திணிக்கப் போனால் அது சொல்லாக இருக்காது.

‘உடன்கல்வி’ என்று சுருக்கலாமே என்றும் கேட்டார். சுருக்கலாம், ஆனால் உடனடிக் காப்பி மாதிரி உடனடிக் கல்வி என்று படிப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அப்புறம், ‘உள்ளடக்கிய வளர்ச்சி’, ‘உள்ளடக்கிய சமூகம்’ இவற்றுக்கெல்லாம் உடன்பயில் பொருந்தாதே என்ற கேள்வி. பொருந்த வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்ட வேண்டியதில்லை.

‘இன்குலுசிப்’ என்றே விட்டுவிடலாம், ஆசிரியர்கள் தமிழ்ச்சொல்லைப் புழங்க மாட்டார்கள் என்பவர்களுக்கு ஒரே பதில்: எங்கள் தமிழ்ப்பள்ளி நாள்பாடத் திட்டத்தைத் திறந்து பாருங்கள். ‘விரவிவரும் கூறுகள்’ இருக்கிறது, ‘சிந்தனை மீட்சி’ இருக்கிறது. அன்றாடம் எழுதுகிறார்கள், யாரும் தடுமாறுவதில்லை.

இனி இரண்டாவது சொல். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 4.7, மனித உரிமை, பாலினச் சமத்துவம், அமைதிப் பண்பாடு ஆகியவற்றோடு சேர்த்து, 2030-க்குள் எல்லா மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்று சொல்லும் ஒன்றை நம்மில் பலர் ‘உலகக் குடியுரிமைக் கல்வி’ என்று எழுதுகிறோம். இதற்கு என் மறுப்பு கொஞ்சம் கடுமையானது. தோட்டத்துச் சனங்களுக்குக் ‘குடியுரிமை’ என்றால் நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை. 1957-ல் நாடு விடுதலை பெற்ற பிறகும், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி-யோடு நின்றுபோன பாட்டிமார்கள் இருக்கிறார்கள். 1969-ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சட்டம் இறுகியபோது இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களின் கதை இங்கே பல வீடுகளில் உண்டு. பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் தாள் சிக்கலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இன்றும் உண்டு. அப்படி ஒரு பையன் எங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் முன்னால் கரும்பலகையில் ‘உலகக் குடியுரிமை’ என்று எழுத எனக்குக் கை வராது. இத்தனைக்கும் இது சட்டத் தகுதியைக் குறிப்பதில்லை, மனிதகுலம் முழுவதோடும் சேர்ந்தவர் என்ற உணர்வைக் குறிப்பது என்று யுனெஸ்கோவே விளக்கியிருக்கிறது. உரிமை என்ற பகுதியை நாமாகத்தான் ஒட்டுகிறோம். ‘உலகக் குடிமைக் கல்வி’ போதும்.

சென்னையில் ‘குடிமை’ என்றால் குடிமைப்பொருள், ரேஷன் அரிசி என்று போகலாம். இங்கே ரேஷன் கடையே கிடையாது, அந்தப் பயம் இல்லை. இதற்கு மாற்றாக ‘கேளிர்’ என்பதிலிருந்து ‘உலகக் கேண்மை’ என்ற சொல்லை எடுத்துத் தந்தவருக்கு என் வணக்கம். அழகான சொல். ஆனால் கேண்மையில் நட்பு மட்டும்தான் இருக்கிறது, பொறுப்பு இல்லை. ஆண்டுவிழா மேடைக்கு வைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒன்று பாக்கி. உடன்பயில் வகுப்பில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து உதவும் ‘குரு பெண்டம்பிங்’. ‘துணையாசிரியர்’ என்றால் துணைத் தலைமையாசிரியரின் சுருக்கம் என்று நினைப்பார்கள். ‘உடனாசிரியர்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், இருந்தாலும் மனம் முழுதாக ஒப்பவில்லை. கையேடு மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாரிடமாவது இதைவிட நல்லது இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து