மான் வேட்டைக்கு செமி-ஆட்டோ ரைபிள் வாங்கலாமா?

மேப்பிள்குமரன்:

வணக்கம் நண்பர்களே. பிராம்ப்டனில் இருக்கிறேன். துப்பாக்கி உரிமம் வந்துவிட்டது, ஒன்ராறியோவின் வேட்டைப் பயிற்சித் தேர்வும் முடிந்தது, வரும் நவம்பரில் பான்கிராஃப்ட் பக்கம் மான் வேட்டைக்கு வேலையிடத்து நண்பர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். துப்பாக்கி வாங்குவதில்தான் சிக்கல். அவர்களில் ஒருவர் தன் பழைய எஸ்கேஎஸ் ரைபிளை, சோவியத் ராணுவத்துக்காக வடிவமைத்த செமி-ஆட்டோ அது, மலிவாகத் தருகிறேன் என்கிறார். போல்ட் ரைபிளில் போல ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்றக் கையால் போல்ட்டை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம், விசையை அழுத்த அழுத்த வெடிக்கும், புதிதாக வருகிறவனுக்கு அதுதான் வசதி என்பது அவர் வாதம். அதே குழுவில் இருக்கும் மூத்தவர் ஒருவர் இதைக் கேட்டதும், "செமி-ஆட்டோ எடுத்து வந்தால் என் பக்கத்து இடத்தில் நிற்காதே" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இரண்டு பேருமே பல வருடமாக வேட்டைக்குப் போகிறவர்கள்.

வீட்டில் மனைவி கேட்பது வேறு. செய்தியில் காட்டுகிற மாதிரியான துப்பாக்கி நம் வீட்டு அலமாரிக்கு எதற்கு என்கிறாள். எனக்கு இறைச்சிக்காகத்தான் வேட்டை, சுட்டதைச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம்தான். செமி-ஆட்டோ வேட்டைக்கு உண்மையிலேயே தேவையா? அதை வைத்துச் சுடுவது முறையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காட்டுவழி:

குமரன், முதலில் சட்டம், ஏனென்றால் குழப்பம் அதிகம் இருப்பது அங்கேதான். கனடாவில் செமி-ஆட்டோ எல்லாவற்றுக்கும் தடை கிடையாது. நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 2020 மே 1ஆம் தேதி ஏஆர்-15, ரூகர் மினி-14 உட்பட சுமார் 1,500 மாடல்களைத் தடை செய்தார்கள். 2024 டிசம்பரில் இன்னும் 324, 2025 மார்ச்சில் 179 சேர்ந்தன. எஸ்கேஎஸ் இந்தப் பட்டியல்களில் இல்லை. ஆனால் 2022 நவம்பரில் சி-21 என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவுக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தபோது அதையும் உள்ளே இழுத்தார்கள். அப்போது முதற்குடி மக்களின் பேரவை எதிர்த்தது, ஹாக்கி கோலி கேரி பிரைஸ் தன் வேட்டைத் துப்பாக்கியோடு படம் போட்டு எதிர்த்தார், கிராமப்புற எம்பிக்கள் தலையில் கை வைத்தார்கள், கடைசியில் 2023 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதாவது இன்று வாங்கலாம், நாளைக்கு என்ன ஆகும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அந்த நிச்சயமின்மை விலையில் தெரியும். மலிவாகக் கிடைக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள்.

இப்போது காட்டு விஷயம். மான் வேட்டையில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நல்ல வெடி. அதைச் சரியாக வைத்தால் இரண்டாவது தேவைப்படாது. நுரையீரலில் பட்ட மான்கூடப் பல நேரம் அங்கேயே விழாது, நூறு மீட்டர்கூட ஓடிவிட்டுத்தான் விழும். புதியவன் அந்த ஓட்டத்தைப் பார்த்துக் குறி தப்பிவிட்டது என்று நினைத்துவிடுவான். கையில் செமி-ஆட்டோ இருந்தால் அடுத்த நொடியே பின்னாலிருந்து சுடத் தொடங்குவான். அது தொடையில் படும், குடலில் படும், இறைச்சி பாழ். செய்ய வேண்டியது நேர் எதிரானது. அசையாமல் நின்று, மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் மனதில் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் பொறுத்து, அப்புறம் போய்த் தரையைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையாகவோ தீவனத் துணுக்கோடோ இருந்தால் குடல், அன்று முழுக்கப் பொறுமைதான். இதைக் கற்றுக்கொள்ள போல்ட் ரைபிள் உதவும். ஒவ்வொரு வெடிக்கும் கையை எடுத்துப் போல்ட்டைத் தூக்கி இழுக்க வேண்டும் என்பதால், அந்த ஒரு நொடியில் மனிதன் கொஞ்சம் யோசிப்பான்.

எஸ்கேஎஸ்ஸுக்கென்று தனியாகவும் சில குறைகள். குறிபார்க்கும் ஸ்கோப்பை உறுதியாகப் பொருத்துவது கஷ்டம். மலிவாகப் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் ராணுவத் தோட்டாக்கள் முழு உறை போட்டவை, உடம்புக்குள் விரியாமல் மறுபக்கம் துளைத்துப் போய்விடும், மான் மணிக்கணக்கில் துடிக்கும். வேட்டைக்கு முனை விரியும் தோட்டாதான் வேண்டும். என் பரிந்துரை .308 என்ற அளவுத் தோட்டா சுடும் போல்ட் ரைபிள் ஒன்று.

வடக்குமலர்:

காட்டுவழி அண்ணா சொன்ன ரத்த விவரம் அத்தனையும் உண்மை, ஆனால் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நான் வட ஒன்ராறியோவில் தண்டர் பேயில் இருக்கிறேன், இங்கே மான் மட்டுமில்லை, மான் இனத்திலேயே மிகப் பெரியதான மூஸும் உண்டு. எனக்குத் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு .308 போல்ட் ரைபிளின் உதையைத் தாங்க முடியவில்லை. வாயுவால் இயங்கும் செமி-ஆட்டோவில் உதை பரவி மெதுவாக வரும், இதைச் சுட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் வைத்திருப்பது பிரவுனிங் பிஏஆர் (BAR) என்ற செமி-ஆட்டோ வேட்டை ரைபிள். மரக்கட்டை, ஸ்கோப், பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். இது இல்லையென்றால் நான் வேட்டையை விட்டிருப்பேன்.

செமி-ஆட்டோ ஏதோ நேற்று ராணுவத்திலிருந்து வேட்டைக்குள் புகுந்தது போலப் பேசுவது தவறு. ஜான் பிரவுனிங் வடிவமைத்த ரெமிங்டன் மாடல் 8, 1906இல் வேட்டைக்காரர்களுக்காகவே விற்பனைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கண்டத்தில் மானும் கரடியும் அதனால் சுடப்பட்டிருக்கின்றன.

அப்புறம் இரண்டாவது வெடியைப் பற்றி. முதல் குறி தப்பி மூஸ் காயப்பட்டு நின்றால், உடனே இரண்டாவதை வைப்பதுதான் இரக்கம். அரை டன் விலங்கு தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அதை வெளியே எடுப்பது என்ன பாடு என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமல் அந்த வெடியை வைக்க செமி-ஆட்டோ உதவுகிறது. பொறுமை மனிதனுக்குள் இருக்க வேண்டிய விஷயம், போல்ட் வாங்கிக் கொடுத்து வரவழைக்க முடியாது.

எனக்குக் கோபம் வருவது இந்தப் பட்டியல் முறையில்தான். ஒரு மாடலைப் பெயர் சொல்லித் தடை செய்கிறார்கள், அதே தோட்டாவை அதே வேகத்தில் சுடும் இன்னொன்று கடையில் தொங்குகிறது. வேட்டைக்கு எத்தனை தோட்டா போதும் என்று கேட்டால் நேர்மையான விவாதம் வரும். ஐரோப்பாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான பெர்ன் உடன்படிக்கை அப்படித்தான் செய்தது, மேகசினில் இரண்டுக்கு மேல் கொள்ளும் செமி-ஆட்டோவை வேட்டைக்கு அனுமதிப்பதில்லை. இங்கேயும் சென்டர்ஃபயர் எனப்படும் வலுவான தோட்டா சுடும் செமி-ஆட்டோ ரைபிளுக்கு மேகசினில் ஐந்து என்ற வரம்பு பல காலமாக இருக்கிறது. வாத்து, கூஸ் சுடும்போது ஷாட்கன்னில் மொத்தம் மூன்றுதான், அதை யாரும் எதிர்ப்பதில்லை. மான், மூஸ் வேட்டைக்கும் மூன்று என்று நாளைக்கு வந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

வன்னியான்:

தம்பி குமரன், உன்னைப் பக்கத்தில் நிற்காதே என்ற அந்த மூத்தவரைக் கோபிக்காதே. பான்கிராஃப்ட் பக்கம் பல முகாம்களில் நாய் விட்டு மான் கலைக்கிறார்கள். ஆட்கள் ஒரு வரிசையில் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள், நாய் குரைத்துக்கொண்டு மானைக் கொண்டுவரும், மான் இரண்டு பேருக்கு நடுவால் பாயும். அந்த நேரம் துவக்கைத் திருப்பிக்கொண்டே சுடுகிற ஆள் பக்கத்தில் நிற்பதுதான் இந்த வேட்டையின் மிகப் பெரிய ஆபத்து. தலையில் செம்மஞ்சள் தொப்பி, இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் என்று சட்டம் வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனால் மானைப் பார்த்துக்கொண்டு திரும்புகிறவனுக்கு அதற்குப் பின்னால் நிற்கிற தொப்பி தெரியாது. வடக்குமலர் தங்கச்சி தனியாக நின்று மூஸ் சுடுகிறது வேறு, புதியவன் ஒருவன் வரிசையில் ஐந்து தோட்டாவோடு நிற்கிறது வேறு.

எஸ்கேஎஸ் சுடுவது 7.62×39 தோட்டா. எங்கள் ஊரில் போர்க்காலத்தில் ரீ-56 துவக்குகள் சுட்டதும் அதே தோட்டாதான். போருக்குள் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் காட்டுக்குள் கேட்டால் மான் நினைவுக்கு வராது. இது என்னுடைய விஷயம், எல்லோருக்கும் சட்டமாக்கச் சொல்லவில்லை. ஆனால் உன் மனைவி கேட்டதை லேசாக எடுக்காதே. எங்கள் ஆட்களின் வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிறைய இருக்கும்.

வேகமான துவக்கு இல்லாமல் காட்டில் பாதுகாப்பு இல்லை என்றும் சிலர் சொல்லுவார்கள். ஆர்க்டிக்கில் பனிக்கரடி நடமாடும் இடத்தில் சுற்றும் கனேடிய ரேஞ்சர்கள், ராணுவத்தின் துணைப்படையினர், பல பத்தாண்டுகள் லீ-என்ஃபீல்ட் போல்ட் ரைபிளை வைத்திருந்தார்கள், பிறகு அதற்குப் பதிலாக வந்த சி-19ம் போல்ட்தான். கடுங்குளிரில் எண்ணெய் இறுகினால் செமி-ஆட்டோ அடுத்த தோட்டாவை ஏற்றாமல் மக்கர் பண்ணும். போல்ட்டைக் கையால் அடித்தாவது திறக்கலாம்.

வடக்குமலர்:

வன்னியான் அண்ணா, வரிசையில் நிற்பது பற்றிச் சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். நாய் வேட்டையில் யார் எந்தக் கோணத்துக்குள் சுடலாம் என்று காலையிலேயே பேசி முடிக்காத குழுவோடு எந்தத் துப்பாக்கியோடும் நிற்கக் கூடாது, ஒற்றைக்குழல் ஷாட்கன் ஆனாலும் சரி. ஆனால் அந்த ஒழுக்கம் இல்லாத ஆளிடமிருந்து செமி-ஆட்டோவை மட்டும் பிடுங்கினால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து தீர்ந்துவிடுமா? உயிரை எடுக்க ஒரு தோட்டா போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடக்கில் எத்தனையோ முதற்குடிக் குடும்பங்களுக்கு எஸ்கேஎஸ் என்பது சாப்பாட்டுக்கான துப்பாக்கி. விலை குறைவு, தோட்டா எங்கும் கிடைக்கும், படகில் நனைந்தாலும் சுடும். கடைத்தெருவில் இறைச்சி விலை என்ன என்று அந்தச் சமூகங்களில் போய்க் கேளுங்கள். ரொறன்ரோவில் உட்கார்ந்து அது வேட்டைத் துப்பாக்கியே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மேப்பிள்குமரன்:

எல்லோருக்கும் நன்றி. நாய் விடுவார்களா என்று விசாரித்தேன், ஆமாம், விடுவார்களாம். அப்படியானால் மூத்தவர் சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறது. போல்ட் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன், மனைவியும் சரி என்றாள். ஒரு கேள்வி பாக்கி. அதே நண்பரிடம் பழைய .308 சாவேஜ் போல்ட் ரைபிளும் இருக்கிறதாம், அதைத் தரத் தயார் என்கிறார். கையில் காசைக் கொடுத்து நேரடியாக வாங்கிக்கொள்ளலாமா?

காட்டுவழி:

நல்ல முடிவு. நேரடியாக வாங்கலாம், ஆனால் காசு கொடுத்தால் மட்டும் போதாது. 2022 மே மாதத்திலிருந்து சாதாரண ரைபிளைக் கைமாற்றவும் விற்பவர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்து, அரசின் துப்பாக்கிப் பதிவாளரிடமிருந்து ஒரு ரெஃபரன்ஸ் எண் வாங்க வேண்டும். அந்த எண் வராமல் துப்பாக்கியைக் கையில் வாங்காதீர்கள், நண்பர் என்றாலும்.

வாங்குவதற்கு முன் போல்ட்டைக் கழற்றிக் குழாய்க்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள், துருக் குழி இருந்தால் வேண்டாம். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, காலித் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பாருங்கள், உள்ளே சுடும் ஊசி விழக் கூடாது. அக்டோபருக்குள் சுடுதளத்துக்குப் போய், வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவால் நூறு மீட்டரில் ஸ்கோப்பைச் சரி செய்யுங்கள். உட்கார்ந்து சுட்டது போதும் என்று திரும்பிவிடாமல் நின்றும் மண்டியிட்டும் சுட்டுப் பழகுங்கள், முகாமில் உங்களுக்கு மேசை கிடைக்காது. மாலையில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆனதும் தோட்டாவை இறக்கித் துப்பாக்கியை உறைக்குள் போட்டுவிட வேண்டும், இதில்தான் புதியவர்கள் வனக் காவலரிடம் மாட்டுகிறார்கள்.

அந்த மூத்தவரிடம் போல்ட் வாங்கிவிட்டேன் என்று சொல்லி, முதல் நாள் அவருக்குப் பக்கத்து இடத்தையே கேளுங்கள்.